சம்பளத்துக்குக் கைதட்டிய காலம்

அன்று மாலை மேடையில் இருந்தவர்கள் நாலு பேர்: கிற்றார் வாசிக்கும் பெஞ்சமின் மாஸ்ரர், பாடுகிற மேரி அக்கா, ஆட வந்த மிதுரா, கைதட்டுவதற்கு நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். என்னோடு சேர்ந்து கைதட்டவேண்டிய றொபின் காய்ச்சலில் படுத்திருந்தான். அறிவிப்பாளர் ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருந்தார். றொபின் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். அறிவிப்பாளர் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் வந்திராது.

இப்படியான கட்டுரைகளை அறுபது கடந்தவர்கள் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு வயது முப்பத்தொன்று. இருந்தாலும் ஒரு தொழிலைச் செய்து, அதிலிருந்து முறையாக ஓய்வு பெற்றவன் நான். அந்தத் தொழில் கைதட்டுவது. பகிடி இல்லை. ஃபிளமெங்கோ என்று ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் ஓர் இசை இருக்கிறது. அதற்குக் குரல் வேண்டும், கிற்றார் வேண்டும், ஆடுகிறவரின் கால் வேண்டும், இவை மூன்றையும் ஒன்றாகக் கட்டிவைக்கக் கைகள் வேண்டும். அந்தக் கைகள் யாழ்ப்பாணத்துக் கடற்கரையான குருநகரில் இரண்டு சோடி இருந்தன. ஒன்று றொபினுடையது, மற்றது என்னுடையது.

போன மாதம் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த இரண்டு பொடியன்கள் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாக ஒரு ஃபியூஷன் குழு தொடங்கியிருக்கிறார்களாம். மடிக்கணினியைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்திக் காட்டினார்கள். ஒரு தெருச் சனமே கூடி நின்று தட்டுவது போலத் தாளம் பிசகாமல் கைதட்டு வந்தது.

“அண்ணை, உங்கடை காலத்திலை உதைக் கையாலையோ தட்டினனீங்கள்?” என்று ஒருவன் கேட்டான்.

என்னுடைய காலம் முடிந்து மூன்று வருடம் ஆகிறது. இருந்தாலும், “ஓம் தம்பி, அப்ப கையாலைதான்,” என்று பழைய மனிதர்கள் சொல்கிற மாதிரியே சொன்னேன். “எழுதி வையுங்கோ அண்ணை, பங்கு மலருக்குப் போடுவம்,” என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை உருப்படியாகப் பார்த்த முதல் ஆள் நான்தான். அப்பா கடலுக்குப் போகிறவர். அவருக்குக் கையெழுத்துப் போட வரும். மற்றதெல்லாம் நினைவில் வைத்திருப்பார். என்னை உயர்தரம் படிப்பித்து, பல்கலைக்கழகம் அனுப்பி, பட்டமும் வாங்கவைத்தார். பட்டம் வாங்கிய எல்லோரையும் போல நானும் அரசாங்க நியமனத்துக்குக் காத்திருக்கத் தொடங்கினேன். காத்திருப்பதற்குச் சம்பளம் இல்லை. கைதட்டினால் இருந்தது.

“படிப்பிச்சு விட்டது கைதட்டவோடா?” என்று அப்பா முதல்நாள் கேட்டார். பிறகு அவரே யோசித்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: “சபையிலை இருக்கிறவன் காசு குடுத்து உள்ளுக்கை வந்து கைதட்டுறான். என்ரை மோன் காசு வாங்கிக்கொண்டு கைதட்டுறான். பேய்க்காய்தான் இவன், சரியான கெட்டிக்காரன்.”

அம்மா அயலவர்களிடம் நான் ‘இசைத்துறை’யில் இருப்பதாகச் சொல்லிவந்தா.

பெஞ்சமின் மாஸ்ரர் ஸ்பெயினுக்குப் போனவர் அல்ல. கொழும்புக்கே தேவை வந்தால்தான் போவார். யாரோ மாலுமி கொண்டுவந்து கொடுத்த ஒலிநாடாக்களில் கேட்டு, பின்னர் இணையத்தில் பார்த்து, தானாகப் பழகியவர். அவருடைய வலக்கை நகங்கள் நீளமானவை. அவற்றால்தான் நரம்புகளை மீட்டவேண்டும். குருநகரில் ஓர் ஆண்மகன் நகம் வளர்த்தால் வலை இழுக்கவும் முடியாது, மீன் வெட்டவும் முடியாது. அதாவது ஒன்றுக்கும் உதவமாட்டான். மாஸ்ரர் அந்தப் பெயரை நிம்மதியாகச் சுமந்துகொண்டு திரிந்தார். நகம் வெடித்தால் மணப்பெண் அலங்கார நிலையத்துக்குப் போய், காத்திருக்கும் பெண்களுக்கு நடுவே கதிரை போட்டு இருப்பார். ஒருமுறை நானும் கூடப் போனேன்.

“அங்கிள், என்ன கலர் போட?” என்று அங்கே வேலை செய்யும் பிள்ளை கேட்டது.

“கலர் வேண்டாம் பிள்ளை. உடையாமல் இருந்தால் காணும்.”

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தால் “டேய் யூட்” என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடும். “யூட் ஐயா, நீர் இப்ப தட்டினது எந்த நாட்டுத் தாளம்?” என்று கேட்டால் அன்றைக்குச் சரி. அதற்கும் மேலே கோபம் என்றால் ஒன்றும் பேசாமல், சரியாக இருக்கிற நரம்பை இளக்கி, திரும்பவும் சுருதி சேர்ப்பார். அது முடியும் வரை நாங்கள் குனிந்துகொண்டு இருப்போம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உள்ளங்கை வீங்கியது, உப்புத் தண்ணீரில் வைத்தேன், வற்றியது, திரும்பவும் வீங்கியது. ஆனால் முறைகளைச் சொல்லவேண்டும். கைதட்டு இரண்டு வகை. ‘மூடின கை’ என்றால் இரண்டு உள்ளங்கைகளையும் கிண்ணம் போலக் குவித்துத் தட்டுவது. சத்தம் உள்ளுக்குள்ளேயே அமுங்கும். ‘திறந்த கை’ என்றால் வலக்கை விரல்களை இடது உள்ளங்கையில் அடிப்பது. சுவரில் பட்டுத் திரும்பி வரும். குரல் வரும்போது மூடின கை. கால் எழும்பும்போது திறந்த கை. தாளம் பன்னிரண்டு அடி கொண்டது, அழுத்தங்கள் சம இடைவெளியில் விழாது. முதலில் ஆறுதலாக நடந்து, நடுவில் அவசரப்பட்டு, பிறகு ஒன்றும் நடக்காதது போல நிற்கும். சுன்னாகம் சந்தைக்குள் வெங்காய மூட்டையோடு நடந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

எல்லாவற்றிலும் கடினமானது ‘நிற்பாட்டு’. ஆட்டத்தின் நடுவே எல்லாச் சத்தமும் ஒரே வெட்டில் நின்றுவிடும். ஆடுகிறவர் அப்படியே உறைந்து நிற்பார். அந்த வெறுமைக்குள்ளும் தாளம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை மனதுக்குள் எண்ணி, சரியான இடத்தில் மூடின கையால் திரும்ப எழுப்பி விடுவது கைதட்டுக்காரனின் பொறுப்பு. அவன் தொடங்காமல் கிற்றாரும் வராது, காலும் அசையாது.

“சத்தம் போடாத நேரத்துக்கும் சேர்த்துத்தான்ரா உனக்குச் சம்பளம்,” என்பார் மாஸ்ரர்.

கால் வேலைக்கு ஸ்பெயினில் ‘சப்பாத்தெயாதோ’ என்று பெயர். நாங்கள் சப்பாத்து வேலை என்றோம். மொழிபெயர்ப்பில் பாதியை, காலணிக்குச் சப்பாத்து என்ற சொல்லைத் தந்த போர்த்துக்கேயர் எங்களுக்காக எப்போதோ செய்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மாஸ்ரருக்கு மரபு ஃபிளமெங்கோதான் உயிர். ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. கலியாண வீட்டுக்காரருக்கு நாதஸ்வரம், தவிலோடு சேர்ந்த ஸ்பானிஷ் ‘ஐட்டம்’ வேண்டும். ஹொட்டேல்காரருக்குக் கீபோட்டும் தபேலாவும் கலந்து, சாப்பிடும்போது தொந்தரவு செய்யாத ஃபிளமெங்கோ வேண்டும். ஒருமுறை ஒரு ஹொட்டேலுக்கு உண்மையான ஸ்பானியர் இருவர் வந்தார்கள். மாஸ்ரர் அன்று நகங்களைப் பளபளவென்று தீட்டிக்கொண்டு வந்து, தனக்குத் தெரிந்த ஆகச் சுத்தமான மரபு உருப்படியை வாசித்தார். அவர்கள் மிகவும் பணிவாகக் கேட்டுவிட்டு, உங்கள் ஊர் இசை ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தார்கள்.

மாஸ்ரருக்கு மிகவும் பிடித்த உருப்படியின் பெயர் சொலெயா. பழையது, மெதுவானது, தனிமையைப் பற்றியது. அதை ஒரு கலியாணத்தில் தொடங்கியபோது, மாப்பிள்ளையின் மாமனார் மேடைக்கு ஏறி வந்து நிறுத்தினார். “மாஸ்ரர், குறை நினையாதேங்கோ, இது செத்தவீட்டுப் பாட்டு மாதிரியெல்லோ கிடக்கு.”

இந்த நிலையில்தான் தவராசா என்ற மனிதர் ஸ்பெயினிலிருந்து வந்தார். சொந்த ஊர் உடுப்பிட்டி. முப்பது வருடமாக அங்கே ஓர் உணவகத்தில் வேலை செய்து, பிறகு அதையே நடத்தியவர். மகள் மிதுராவுக்குப் பத்தொன்பது வயது. அங்கேயுள்ள தமிழ்ப் பிள்ளைகள் பரதம் பழகினார்கள். இவள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு போய் ஃபிளமெங்கோ பழகிவிட்டாள். இப்போது அதையே முழுநேரமாகப் படிக்கப் போகிறேன் என்கிறாள். தகப்பனுக்கு அவள் கணக்கியல் படிக்கவேண்டும்.

மாஸ்ரர் வீட்டு விறாந்தையில் கதிரை நுனியில் இருந்துகொண்டு தவராசா தன் திட்டத்தைச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் மண்டபம் எடுத்து, அழைப்பிதழ் அடித்து, பிரதம விருந்தினர் வைத்து, விளக்கேற்றி, முறைப்படி ஃபிளமெங்கோ அரங்கேற்றம்.

“அரங்கேற்றமோ?” என்றார் மாஸ்ரர்.

“பின்னை? பதினோரு வருசம் பழகியிருக்கிறாள். அரங்கேற்றம் செய்யாமல் விட்டால் சனம் என்ன கதைக்கும்?” தவராசா மகளைப் பார்த்தார். “மாஸ்ரர், நான் பிள்ளைக்கு ஒரு சொல் குடுத்திருக்கிறன். எங்கடை சனம் கடைசி மட்டும் கதிரையிலை இருந்து பார்த்தால், அவள் ஆடட்டும். படிப்புச் செலவு என்ரை பொறுப்பு. சனம் இடையிலை எழும்பிப் போனால், கணக்கியல்.”

மிதுரா சொன்னாள்: “அப்பா, தியேட்டரிலையே எங்கடை ஆக்கள் கடைசி மட்டும் இருக்கிறேல்லை.” அவளுடைய தமிழ் நல்ல உடுப்பிட்டித் தமிழ், இடையிடையே சொல் தேடி நிற்கும், அவ்வளவுதான்.

“அதுதானே பரீட்சை,” என்றார் தவராசா.

அடுத்த சண்டை நிகழ்ச்சி ஒழுங்கைப் பற்றியது. தகப்பனுக்கு முழுக்க ஃபியூஷன் வேண்டும்: தவில், நாதஸ்வரம், ஜதி, கால் வேலை. மகளுக்குக் கலப்பில்லாத சொலெயா வேண்டும், அதுவும் கடைசியாக. சனத்தை இருத்தவேண்டும் என்கிறவள், சனத்தை எழுப்பி விடுகிற உருப்படியைக் கடைசியில் வைக்கக் கேட்கிறாளே என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

“மற்றதுக்கெல்லாம் அவையள் இருப்பினம், யூட் அண்ணா. அது தவிலுக்கு. இதுக்கு இருந்தால்தான் எனக்கு.”

மாஸ்ரர் அன்று என்னை நாலு முறை “டேய்” என்றார். அவ்வளவு சந்தோஷம். அவர் பேசி ஒழுங்குபடுத்தினார்: முதல் பாதி தகப்பனுக்கு, கடைசி உருப்படி மகளுக்கு.

ஸ்பெயினிலிருந்து பாடகரைக் கூப்பிடப் பணம் போதவில்லை. எங்கள் கோயிலில் தவசு காலத்தில் பசாம் பாடும் மேரி அக்காவை மாஸ்ரர் கூட்டிவந்தார். யேசுவின் பாடுகளைச் சொல்லி அவ பாடினால் கல்லும் மூக்கைச் சிந்தும். ஸ்பானிய வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தோம்.

“என்ன கருத்து பிள்ளை? கருத்துத் தெரியாமல் நான் பாடமாட்டன்.”

மிதுரா யோசித்தாள். “போன ஆள் வரேல்லை எண்டு சொல்லுறது. அவ்வளவுதான் அக்கா.”

“எங்கடை பாட்டும் உதுதானே,” என்றுவிட்டு மேரி அக்கா பாடத் தொடங்கினா. மிதுரா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு இருந்தாள். தன்னுடைய ஆசிரியை கேட்டால் இவவை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய்விடுவா என்றாள்.

ஒத்திகை நடந்த நாட்களில் தவராசா தினமும் உடுப்பிட்டியிலிருந்து வாடகை வான் பிடித்து வருவார். அங்கே பூட்டிக்கிடந்த தங்கள் பழைய வீட்டைத் திறந்து தங்கியிருந்தார்கள். ஒருநாள் மேரி அக்கா, உங்களுக்குச் சகோதரங்கள் இல்லையோ என்று சும்மா கேட்டா.

“ஒரு அண்ணை. கணேசராசா.”

“எங்கை இருந்தவர்?”

“இருந்தவர் எண்டு கதையாதேங்கோ அக்கா.” தவராசாவின் குரல் மாறியது. “சண்டைக் கடைசியிலை காணாமல் போனவர். வருவார்.”

மேரி அக்கா மேலே கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அந்த இடத்தில் எல்லோருக்கும் நிறுத்தத் தெரியும். மிதுரா சப்பாத்து வாரைக் கழற்றிக் கழற்றிக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

அரங்கேற்ற நாள் வந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது, உடுப்பிட்டிச் சொந்தக்காரர்கள் ஒரு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பிரதம விருந்தினர் வடமராட்சிப் பகுதியின் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர். வேட்டி, சால்வை, கைத்தடி. முழங்கால் நோவுக்காரர். முறைகளில் மிகக் கண்டிப்பானவர். விளக்கேற்றி முடிந்ததும் அறிவிப்பாளரைக் கையால் அழைத்தார்.

“தம்பி, அகவணக்கம் இல்லையோ?”

எங்கள் பக்கத்தில் எந்தக் கூட்டமும் இறந்தவர்களுக்காக எழுந்து நின்று மௌனமாக வணங்கித்தான் தொடங்கும். அன்று நிகழ்ச்சி ஏற்கெனவே பிந்தியிருந்தது.

“பிறகு வைப்பம் ஐயா,” என்று அறிவிப்பாளர் தப்பிவிட்டார். அதிபருக்கு அது பிடிக்கவில்லை என்பது மேடையில் இருந்த எனக்கே தெரிந்தது.

முதல் பாதி தகப்பன் நினைத்தபடியே போனது. தவிலும் சப்பாத்தும் மாறிமாறிக் கேள்வி கேட்டு மறுமொழி சொல்ல, பின்வரிசை விசில் அடித்தது. தவராசா முதல் வரிசையில் அரைவாசித் திரும்பியபடி இருந்தார். மேடையைப் பார்த்ததைவிடக் கதிரைகளைத்தான் அதிகம் பார்த்தார். தவில்காரரும் நாதஸ்வரக்காரரும் இறங்கினார்கள். அறிவிப்பாளர், “நிறைவாக, சொலெயா என்னும் மரபு உருப்படி,” என்று சொல்லிவிட்டு, இனித் தனக்குக் கொஞ்ச நேரம் வேலை இல்லை என்று தேநீருக்குப் போனார்.

சொலெயா தொடங்கியது. மேரி அக்காவின் முதல் இழுப்பிலேயே பிள்ளைகள் வாயை மூடின. நான் மூடின கையில் போய்க்கொண்டு இருந்தேன். மிதுரா அவசரப்படவில்லை. ஒரு கையை எழுப்புவதற்கே அவ்வளவு நேரம் எடுத்தாள். பின்னால் ஒரு கதிரை கிரீச்சிட்டது. தவராசாவின் தலை திரும்பியது. யாரோ காலை மாற்றிப்போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். பிறகு கால் எழும்பியது. நான் கையைத் திறந்தேன். வேகம் ஏறி, ஏறி, ஒரே வெட்டு. நிற்பாட்டு.

அவள் கேட்டிருந்தபடி விளக்குகளை மங்கவைத்தார்கள். மேடை ஓரத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டு இருந்தது. நடுவில் கறுப்பு உடுப்போடு ஒரு பிள்ளை, தலை குனிந்து, கை நெஞ்சில், அசையாமல். சத்தம் ஒன்றும் இல்லை.

அதிபர் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார்.

அவரைப் பார்த்து முதல் வரிசை எழுந்தது. அதைப் பார்த்து இரண்டாவது வரிசை. பஸ்ஸில் வந்த உடுப்பிட்டி முழுவதும் எழுந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. குனிந்த தலை, மங்கிய வெளிச்சம், எரிகிற விளக்கு, மௌனம்: எங்கள் சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிறகு வைப்பம் என்ற அகவணக்கம் இப்போது நடக்கிறது. மண்டபம் முழுவதும் கைகளைக் கட்டி, தலையைக் குனிந்து நின்றது.

தவராசா மட்டும் கதிரையில் இருந்தார். தன் பரீட்சையில் ஒரு கதிரைகூட மிஞ்சவில்லை என்பதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் எழுந்தார்.

தாளம் எனக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் தொடங்கவேண்டிய இடம் வந்தது. போனது.

“தொடங்கும் ஐயா,” என்றார் மாஸ்ரர் உதட்டை அசைக்காமல்.

“சனம் வணக்கத்திலை நிக்குது மாஸ்ரர்.”

“தெரியுது. தொடங்கும்.”

“வணக்கத்துக்கை கைதட்டச் சொல்லுறியளோ?”

அந்த இடம் திரும்பவும் வந்தது, போனது. அகவணக்கத்தை முடித்துவைக்கும் அதிகாரம் ஒருவருக்குத்தான் உண்டு. “நன்றி, அமருங்கள்” என்று அறிவிப்பாளர் சொல்லவேண்டும். அவர் தேநீர் ஆற்றிக்கொண்டு இருந்தார். அவர் சொல்லாமல் சனம் கதிரையில் இராது. சனம் நிற்கையில் நான் தட்டமாட்டேன். நான் தட்டாமல் மிதுரா அசையமாட்டாள். அவளுடைய நெற்றியிலிருந்து வியர்வை மூக்குநுனிக்கு வந்து தொங்கியது. கண்ணை மட்டும் எங்கள் பக்கம் திருப்பினாள். பயந்துபோன கண். என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. சனம் எழும்பிவிட்டது என்பது மட்டும் தெரியும்.

மாஸ்ரர் ஒரு நரம்பை இளக்கத் தொடங்கினார்.

மேரி அக்கா சிலுவை போட்டுக்கொண்டா. அவவும் அதை வணக்கம் என்றே எடுத்துவிட்டா என்று நினைக்கிறேன். பிறகு யாரும் கண் காட்டாமலே பாடத் தொடங்கினா, ஸ்பானிய வரிதான், ஆனால் பெரிய வெள்ளிக்கிழமைக் குரலில். அகவணக்கத்தில் பாட்டுப் பாடுவது ஒருவருக்கும் குறையாகத் தெரியாது. அந்தக் குரலுக்குக் கீழே ஒளித்துக்கொண்டு நான் மூடின கையைச் சேர்த்தேன். நான் செய்த வேலையிலேயே ஆகக் குறைந்த சத்தம் அதுதான். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மிதுராவுக்குக் கேட்டது. குதிக்கால் அசைந்தது.

யாரும் கதிரையில் இருக்கவில்லை. இருக்கச் சொல்ல ஆள் இல்லை. பிள்ளை ஆடுகிறாளே, இதுவும் வணக்கத்தின் பகுதியோ என்று முதலில் தயங்கினார்கள். பிறகு தயங்குவதையும் மறந்துவிட்டார்கள். கட்டிய கை கட்டியபடி, மண்டபம் முழுவதும் நின்றபடியே சொலெயாவைக் கடைசி மட்டும் பார்த்தது. ஒருவர்கூட வாசல் பக்கம் போகவில்லை. வணக்கத்தின் நடுவே எப்படிப் போவது? அதிபர் முழங்காலை மாற்றி மாற்றித் தடியில் சாய்ந்தார். முடிவில் நான் கையைத் திறந்தபோது என் கையும் அவளுடைய காலும் ஒன்றாகவே விழுந்தன.

அறிவிப்பாளர் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். எல்லோரும் நிற்பதைக் கண்டு, தன் வாழ்நாளிலேயே பெரிய வெற்றி நிகழ்ச்சி இதுதான் என்று நினைத்து, தழதழத்த குரலில், “நன்றி, நன்றி, அமருங்கள்!” என்றார். கதிரைகள் ஒன்றாக முனகின. அதன்பிறகுதான் கைதட்டு வந்தது. சம்பளம் இல்லாத கைதட்டு.

தவராசா மேடைக்கு ஏறி வந்து என் தோளைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. “பார்த்தனீரோ தம்பி? ஒருத்தர் போகேல்லை. முழுச்சனமும் எழும்பி நிண்டு பார்த்தது. அங்கை எண்டாலும் இப்பிடி நிக்கமாட்டாங்கள்!”

நான் ஓம் என்றேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மைதான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அதிபர் பேச வந்தார். முறையில் கண்டிப்பானவர் என்று சொன்னேன். ஒலிவாங்கிக்கு முன் நின்று, பிள்ளை நன்றாக ஆடினாள் என்று பாராட்டிவிட்டு, மிதுராவின் பக்கம் திரும்பினார்.

“ஒரு சின்னக் குறை பிள்ளை. இடையிலை அகவணக்கம் வைச்சது நல்ல விசயம். ஆனால் ஆருக்கு எண்டு முதலிலை சொல்லவேணும். அதுதான் முறை. இப்பவெண்டாலும் சொல்லும், ஆருக்கு?”

தவராசாவின் முகத்தை நான் பார்த்தேன். சனம் எழும்பி நின்றது எதற்கென்று அப்போதுதான் அவருக்குப் பொறிதட்டியது. அரங்கேற்றம், மரியாதை, கணக்கியலுக்குப் பதிலாக நடனம் எல்லாம் அந்த முகத்தில் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தன. மிதுரா தகப்பனைப் பார்த்தாள். ‘யாருக்கும் இல்லை, அது ஆட்டத்தின் பகுதி’ என்று அவள் சொன்னால் மண்டபம் சிரித்துவிடும். தகப்பனுடைய பரீட்சை அந்தச் சிரிப்போடு முடிந்துவிடும்.

அவள் ஒலிவாங்கியை வாங்கினாள். சொல் தேடி நின்றாள்.

“என்ரை பெரியப்பாவுக்கு,” என்றாள். “கணேசராசா பெரியப்பா. நான் அவரைக் கண்டதில்லை.”

உடுப்பிட்டிச் சனத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. அந்தப் பெயர் அவர்களுக்குத் தெரியும். பின்வரிசையில் இரண்டு பேர், திரும்ப நிற்கவேண்டுமோ என்று பாதி எழுந்து பார்த்தார்கள். அதிபர், “நல்லது பிள்ளை,” என்று மட்டும் சொல்லி, பொன்னாடையைப் போர்த்திவிட்டு இறங்கினார்.

அந்தப் பதில் அவளுக்கு அந்த நிமிடத்தில் வந்ததா, அல்லது குனிந்து நின்றபோதே இருந்ததா என்று நான் கேட்கவில்லை. மாஸ்ரரும் கேட்கவில்லை. வீட்டில் என் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, அவர் மட்டும், “பெட்டை கெட்டிக்காரி,” என்றார். சற்றுப் பொறுத்து, “இல்லை, பாவம்,” என்று திருத்திக்கொண்டார்.

தவராசா அன்று மகளோடு பேசாமல் வானில் ஏறினார். வருவார் என்று பதின்மூன்று வருடமாகச் சொல்லிவந்த தமையனுக்கு, ஊர் முழுவதும் எழுந்து நின்று வணக்கம் செலுத்திவிட்டது. அதைத் திருப்பி வாங்க முடியாது. அடுத்தநாள் காலையிலிருந்து உடுப்பிட்டி வீட்டுக்குச் சனம் வந்துகொண்டே இருந்ததாம். தேங்காய், மரக்கறி, சீனி, தேயிலை என்று கையில் ஏதாவது கொண்டு, செத்த வீட்டுக்கு வருகிற மாதிரியே. இவ்வளவு காலமும் வரத் தெரியாமல் இருந்தவர்கள். முதல்நாள் தவராசா அறைக்குள்ளேயே இருந்தார். இரண்டாம் நாள் வெளியே வந்து வந்தவர்களோடு இருந்தார். மூன்றாம் நாள் அவரே தமையனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார் என்று மிதுரா தொலைபேசியில் மேரி அக்காவுக்குச் சொன்னாள்.

விமானம் ஏற முன் தகப்பனும் மகளும் மாஸ்ரர் வீட்டுக்கு வந்தார்கள்.

“குடுத்த சொல்லு சொல்லுத்தான் மாஸ்ரர்,” என்றார் தவராசா. “அவள் ஆடட்டும்.”

“சனம் கதிரையிலை இருக்கேல்லையே,” என்றார் மாஸ்ரர். மாஸ்ரருக்கு அப்படியான நேரத்திலும் கணக்குச் சரியாக இருக்கவேண்டும்.

“ஓம், இருக்கேல்லை.” தவராசா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். “படிப்புக்கு நாலு வருசம். நான் சொன்ன நேரம் கையிலை காசு இருக்கெண்டு சொல்லேல்லை. உடுப்பிட்டி வீட்டு வளவு ஒண்டுதான் இருக்கு. அது அண்ணைக்கும் எனக்கும் பொது. விக்கிறதெண்டால் அண்ணை செத்தவர் எண்டு பதியவேணும். நான் ஊருக்கு வந்த நேரமெல்லாம் எத்தினை பேர் வந்து பதியச் சொன்னவை. நான் ஒருத்தரையும் படலைக்கு உள்ளை விடேல்லை.” கதிரையின் கையைத் தடவினார். “நேற்றுப் போய்ப் பதிஞ்சிட்டன்.”

மிதுரா நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். அவர்களை வழியனுப்ப வந்திருந்த மேரி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா.

எனக்கு நியமனக் கடிதம் வந்தது அதே வருடம். இப்போது ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கூட்டங்களில் மற்றவர்களைப் போல இலவசமாகக் கைதட்டுகிறேன். மாஸ்ரர் இன்னும் கலியாண வீடுகளுக்குப் போகிறார். மடிக்கணினியின் கைதட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு எப்போது நிற்கவேண்டும் என்று தெரியாது என்கிறார். மிதுரா படிக்கிறாள். சொலெயா ஆடும் நாட்களில் மேரி அக்காவுக்கு ஒரு காணொளி வரும். அங்கே சனம் கதிரையில் இருந்துதான் பார்க்கிறது.

வளவைப் பருத்தித்துறைப் பக்கத்து ஆள் ஒருவர் வாங்கினார். வீட்டோடும் கிணற்றோடும் சேர்த்து, அறுபத்தெட்டு இலட்சம் ரூபா.